வேர்வை நின்ற பிள்ளை

1

சென்ற ஞாயிறு, அக்கரைப்பற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். இங்கே லண்டனில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வர வேண்டுமாம். நான் முன்பு மலிவான விமானம் ஒன்றில் போய்வந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்பனியின் விலாசம் கேட்டு வந்திருந்தார்.

"வைகாசியில போகலாமெண்டு யோசிக்கிறன் நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். தடுப்பூசிப் பத்திரம் எங்கே எடுப்பது, கடவுச்சீட்டில் குழந்தையின் பெயரை எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிப் படியிறங்கிப் போன பிறகுதான், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை என்பது நெஞ்சில் உறைத்தது. மறுநாள் அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போயிற்று. அவருக்கு அனுப்பியதைத்தான் இங்கே இன்னும் சற்று விரித்து எழுதுகிறேன். இந்த நாட்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் பெருகிக்கொண்டு வருகிறார்கள். இது வேறு எவருக்கும் பயன்படக் கூடும்.

2

இங்கே ரேஷன் அட்டை ஒழிந்த அடுத்த வருஷம் அது. நோன்பு மாதத்தின் நடுவில் ஊரிலிருந்து என் மூத்த சகோதரி ராத்தாவிடமிருந்து தந்தி வந்தது. வாப்பாவுக்கு நோய் கடுமை, உடனே வா, பிள்ளையையும் கொண்டு வா என்று இருந்தது. அவர் தன் பேத்தியை, என் மகளை, கண்டதில்லை. நஸீறா லண்டனில் பிறந்தவள், அப்போது ஆறு வயது.

கப்பல் என்றால் மூன்று வாரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். பேர்பெற்ற விமானக் கம்பனிகளில் விசாரித்தபோது, இருவருக்குப் போய்வர நான் ஒரு வருஷம் முழுக்க உழைக்க வேண்டும் போலிருந்தது. நான் ஒரு பண்டகசாலையில் பொருட்களைப் பதிந்து வைக்கும் எழுதுவினைஞன். ஒரு வாரம் அலைந்த பிறகு, மாலைப் பத்திரிகையின் மூலையில் நாலு வரி விளம்பரம் கண்ணில் பட்டது. போரில் ஓடிய பழைய விமானங்களை வாங்கி, ஆசனங்கள் நிரம்பும்போது மட்டும் கிழக்கே ஓட்டும் ஒரு சிறிய கம்பனி. ஒரு தையற்கடையின் மேல்மாடியில் ஒற்றை அறையில் அலுவலகம். மேசையிலிருந்தவர் மரியாதையாகப் பேசினார். மூன்று நாள் பயணம், ஏழு இடத்தில் இறங்கும், திரும்பி வரும் நாளைக் கொழும்பிலிருந்து தந்தியில் அறிவிப்பார்கள் என்றார். கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளில் கையெழுத்து வைத்தேன். வாசிக்கவில்லை.

நஸீறாவின் பெயர் தாயின் கடவுச்சீட்டில் இருந்தது. அதை என்னுடையதில் ஏற்ற ஒரு வாரம் போயிற்று. பத்திரத்தில் நான் பிறந்த ஊரை எழுதும் பெட்டிக்குள் சாய்ந்தமருது அடங்கவில்லை. கடவுச்சீட்டுக் கந்தோரிலிருந்த பெண், இது இந்தியாவில் எந்தப் பகுதி என்று கேட்டாள். இலங்கை என்று திருத்தினேன். "அங்கே நல்ல வெயில் இருக்குமே, கொடுத்துவைத்தவள்," என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

என் மனைவி பரீதாவுக்கு அப்போது ஏழு மாதம். அவள் வர இயலாது. மகளைக் கொண்டுபோவதையும் அவள் விரும்பவில்லை. நிந்தவூரில் பிறந்து வளர்ந்தவள்தான். வைகாசிச் சூடு என்னவென்று தெரியும்.

"இவள விட்டுட்டுப் போங்க," என்றாள். "இவ இங்கத்தப் புள்ள."

அவள் எனக்குப் பிறந்த பிள்ளை, அந்த மண்ணின் சூடு அவளை என்ன செய்யும் என்று சொல்லிவிட்டேன்.  பரீதா பெட்டியில் பிள்ளையின் உடுப்புகளை அடுக்கும்போது ஒரு கம்பளிப் போர்வையையும் வைத்தாள். விமானத்தில் குளிருமாம்.

3

குளிர்ந்ததுதான். சத்தமும் பெரிது. இடப்பக்கச் சிறகின் இயந்திரத்திலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்து தகட்டில் கோடு இழுத்திருந்தது. ஒவ்வொரு இடத்தில் இறங்கும்போதும் அந்தக் கோடு சற்று அகலமாகியிருந்தது. மெக்கானிக் ஏணியில் ஏறித் துணியால் துடைத்துவிட்டு இறங்குவான். மால்ற்றாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். காரணம் எவரும் சொல்லவில்லை. அவர்கள் போனதும் ஆசனம் தாராளமாகக் கிடைத்தது என்று நான் மகளை நீட்டிப் படுக்க வைத்தேன்.

வளைகுடாக் கரையில் ஒரு தளத்தில் பெற்றோல் நிரப்ப இறங்கினோம். கதவைத் திறந்தார்கள். கொதித்த ஈரத்துணியை யாரோ முகத்தில் அழுத்தியதுபோல இருந்தது. நஸீறா என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டாடி, கதவை மூடச் சொல்லுங்க," என்று இங்கிலீசில் அழுதாள். எனக்கு அந்த நேரத்தில் வெட்கம்தான் வந்தது. நான் அந்தக் காற்றில் பிறந்தவன். வெள்ளைக்காரர் எல்லாம் வாடி விழ, நான் நிமிர்ந்து நடப்பேன் என்று எண்ணியிருந்தேன். இருபது அடி நடந்ததும் எனக்கும் தலை சுற்றியது. ஆறேழு குளிர்காலங்களுக்குள் உடம்பு என்னைக் கேளாமலே ஊர் மாறியிருந்தது.

4

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு மெயிலில் ஏறி, பிறகு பஸ்ஸில் கல்முனை வழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். பெருநாள் கழிந்து மூன்று நாள். வாப்பா உயிரோடு இருந்தார்.

அவர் ராத்தாவின் வீட்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். பெற்றவர்கள் கடைசியில் மகளோடு இருப்பார்கள். உம்மா மௌத்தாகிப் பல வருஷம். வாப்பாவுக்கு இருதயம் பலவீனப்பட்டு, இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். அதனால் நடு மண்டபத்தில் சாய்மனைக் கதிரையிலேயே இரவும் பகலும் இருந்தார். எழுந்து நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றாள் ராத்தா. சில நேரம் நினைவு தப்பி வேறெங்கோ கதைக்கிறார் என்றும் சொன்னாள்.

நஸீறாவைக் கண்டதும் அவர் கையை நீட்டினார். அவள் கையைக் குலுக்கினாள். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் தங்க ராத்தா புதிதாகக் கட்டிய அறையைத் தந்தாள். வீட்டில் நல்ல அறை அதுதான். ஆனால் கூரைக்கு ஓடு கிடைக்காமல் தகரம் போட்டிருந்தார்கள். அந்த வருஷம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் பிறக்கவில்லை. கடற்காற்றும் பின்னேரம் வரை எழும்பாது. தென்னோலை ஒன்றுகூட அசையாமல், பகல் முழுவதும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கரைவலைக்காரர்கள்கூடப் பத்து மணிக்குப் பின் மணலில் கால் வைக்கவில்லை.

முதல் வாரத்தில் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு கழுத்து, முதுகு, தொடை எல்லாம் வேர்க்குரு சிவந்து போட்டது. சொறிந்து அழுதாள். பவுடர் கொட்டினோம், சந்தனம் பூசினோம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சிவப்பு மெல்ல அடங்கியது. மத்தியானத்தில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை. உலர்ந்திருந்தது. எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஊர்ச் சூடு பழகிவிட்டது என்று அன்றைக்கே பரீதாவுக்கு எழுதித் தபாலில் போட்டேன்.

அவள் சத்தம் குறைந்து போனதை நான் பழகிய லட்சணம் என்றே எடுத்துக்கொண்டேன். ஓடி விளையாடவில்லை. சோறு வேண்டாம் என்றாள். ஒரு காலையில் ராத்தாவும் அயல்வீட்டுப் பெண்களும் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருக்க, அவள் அங்கே போய் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "மாமி, நான் காய்ஞ்சு போச்சு," என்றிருக்கிறாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ என்ன கருவாடா மகள் என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வாப்பா மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவளைக் கூட்டி வா என்றார்.

அவள் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள், உறங்குகிறாள் என்று ராத்தா வந்து சொன்னாள். உறங்கட்டும், பிறகு கூட்டி வருகிறேன் என்று நான் விட்டுவிட்டேன். வாப்பா இரண்டு தடவை கேட்டார். நினைவு தப்பிக் கேட்கிறார் என்று நினைத்தேன். மத்தியானத்தில் ளுஹர் தொழுதுவிட்டு வந்து அறைக்குள் போனபோது, பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. இங்கிலீசில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். தொட்டால் தோசைக்கல். காய்ச்சல் என்று பதறி, தாய் வைத்துவிட்ட கம்பளிப் போர்வையால் கழுத்துவரை மூடினேன். ராத்தாவைக் கொத்தமல்லி அவிக்கச் சொன்னேன்.

வெளியே வாப்பாவின் குரல். "வேர்க்கிதா அவளுக்கு?"

"இல்ல வாப்பா. வேர்வை நிண்டு ரெண்டு மூணு நாளாயிட்டு," என்றேன்.

கதிரை சரிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வாப்பா அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீங்கிய காலில், தனியாக.

"அந்தப் போர்வைய எடு," என்றார். "கிணத்தடிக்குத் தூக்கு. சுறுக்கா. அவ உள்ளுக்கு அவியிறா."

கிணற்றடியில் மாமர நிழலில் பாய் விரித்து, உடுப்பைக் களைந்து கிடத்தினோம். சீலையை நனைத்துப் போர்த்தச் சொன்னார். தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதாது, விசிறு, நிற்காமல் விசிறு என்றார். சீலை காயக் காய நனைத்தோம். நானும் ராத்தாவும் அயல்பெண்களும் முறைமாறி ஓலை விசிறியால் விசிறினோம். வாப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வாயால் மூச்சு இழுத்தபடி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை கண்ணைத் திறந்து அழுதாள். அழட்டும், இனித் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுத் துளித்துளியாகப் பருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தலையைத் தாழ்த்தினார். அவரை நாலு பேர் தூக்கிக் கதிரையில் வைக்க வேண்டியிருந்தது.

5

பின்னேரம் கல்முனையிலிருந்து டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் முன்னமே செய்திருக்கிறீர்கள் என்றார். வேர்க்குரு அடைத்து வேர்வை நின்றால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லை, தோல் பழையபடி ஆக வாரக்கணக்காகும், அதுவரை இந்தச் சூட்டில் வைத்திருக்கக் கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு வாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

வாப்பா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கலக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். போர்க்காலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை செய்தார். அதைப்பற்றி அதிகம் கதைத்ததில்லை. அன்று மாலை, வாக்கியத்துக்கு ஒரு மூச்சாக இழுத்துக் கதைத்தார்.

"முதல்ல வேர்க்குரு எண்டு வருவாங்க. பிறகு, வேர்வை நிண்டிட்டு, சுகம் வந்திட்டெண்டு சிரிச்சிக்கிட்டுப் போவாங்க. மத்தியானம் தூக்கிட்டு வருவாங்க. சில பேர் எழும்பல்ல."

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. விமானம் செவ்வாய்க்கிழமை புறப்படும். அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை அது. எழுந்து நின்ற அந்த நாளுக்குப் பிறகு வாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. அவர் எதனால் இப்படி ஆனார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.  ராத்தா என் முகத்தையே பார்க்கவில்லை.

நான் நிற்பதென்று முடிவெடுத்தேன். பிள்ளையைப் பகல் முழுக்க ஈரச்சீலையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மலைநாட்டில் எங்காவது இடம் தேடலாம், அங்கே அறிந்தவர் ஒருவரும் இல்லைதான், பார்ப்போம் என்று வாப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டு முடிக்கவில்லை.

"செவ்வாய்க்குப் போ," என்றார்.

"உங்கள இப்பிடி வெச்சிட்டு எப்பிடிப் போற?"

"நீ வந்த. நான் பாத்தன். அவளையும் பாத்தன். இனி அவட காரியத்தப் பாரு."

நான் போனால் என்று தொடங்கினேன். 

"நான் எங்க போகப் போறன்," என்றார். "இஞ்சதான் இரிப்பன்."

திங்கட்கிழமை காலை ஸலாம் சொல்லிக் கையைக் கொடுத்தேன். நஸீறா இந்தத் தடவை கையைக் குலுக்காமல், அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். அவர் அவள் கழுத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

6

செவ்வாய் புறப்பட்டால் வியாழன் மாலை லண்டன் என்று கணக்கு. ராத்தாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். புதன் பகல், அதே வளைகுடாத் தளத்தில் இறங்கும்போது இடப்பக்க இயந்திரம் நின்றது. ஒற்றை இயந்திரத்தோடு இறக்கினார்கள். வேறு பாகம் வர வேண்டும், இன்று வரும் என்றார்கள். பிறகு நாளை என்றார்கள்.

எங்களைத் தகரக் கொட்டகை ஒன்றில் வைத்தார்கள். கூரையில் இரண்டு மின்விசிறி. மூலையில் தண்ணீர்ப் பீப்பாய். நான் படுக்கை விரிப்பொன்றைக் கிழித்து நனைத்து மகளைச் சுற்றினேன். அட்டை ஒன்றால் விசிறினேன். ஒரு வெள்ளைக்கார அம்மா, பிள்ளைக்குச் சளி கட்டும், நியூமோனியா வரும் என்று என்னைக் கண்டித்தார். மறுநாள் அவரே தன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து எங்களருகில் உட்கார்ந்தார். எனக்கு ஓய்வு வேண்டும்போது அவர் விசிறினார்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜெனரேற்றர் நின்றது. மின்விசிறிகள் இன்னும் ஓரிரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தன.  நஸீறா மறுபடி இங்கிலீசில் எண்ணத் தொடங்கினாள். அவள் கழுத்து ஈரமாக இருந்தது. அது நான் ஊற்றிய தண்ணீரா, அவள் வேர்வையா? எனக்குத் தெரியவில்லை. விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. பீப்பாய்த் தண்ணீரின் துரு மட்டும் நாக்கில் பட்டது. மறுபடி நனைத்தேன். விசிறினேன். மறுபடி விரலை நாக்கில் வைத்தேன். இப்படியே அந்தப் பகல் போயிற்று. வாப்பா பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, அவர் சொன்ன ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் செய்தேன். வெயில் சாய்ந்து கடற்பக்கமிருந்து காற்று வந்தபோது அவள் எண்ணுவதை நிறுத்தி, தனக்குப் பசிக்கிறது என்றாள்.

சனிக்கிழமை பாகம் வந்தது. ஞாயிறு பின்னேரம் லண்டனில் இறங்கினோம். பளிச்சென்ற வெயில். தெருவில் எல்லோரும் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

7

பரீதா கதவைத் திறந்தாள். பிள்ளையை வாங்கி, தலை, முகம், கை எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகுதான் மேசையிலிருந்த தந்தியை எடுத்துத் தந்தாள். அது சனிக்கிழமை வந்திருந்தது. வாப்பா வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் மௌத்தானார்.

நஸீறாவுக்கு மீண்டும் வேர்க்க இலையுதிர் காலம் வரை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஓடிவிட்டு வந்து, நெற்றியைக் காட்டி, பாருங்கள் என்றாள். இப்போது அவளுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறாள். ஊரைப்பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். மறுபடி போவோமா என்று கேட்டதில்லை; நானும் கேட்டதில்லை.

ராத்தாவின் கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. அவள் பள்ளிக்கூடம் போகாதவள். குர்ஆன் ஓதப் பழகிய அரபு எழுத்தில்தான் தமிழை எழுதுவாள். நானும் சின்ன வயதில் அதைப் படித்திருந்தேன். இப்போது வலமிருந்து இடமாக விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது. ஜனாஸாவுக்கு யார் யார் வந்தார்கள், எங்கே அடக்கினார்கள் என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவுக்கு நினைவு நன்றாகத் தெளிந்ததாம். கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"புள்ள எறங்கிட்டாளா?"

"ஓம் வாப்பா. நேத்தே எறங்கிட்டா. அங்க மழ பெய்யிதாம்," என்று ராத்தா சொன்னாளாம். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கண்ணை மூடினாராம். அதன் பிறகு கதைக்கவில்லை.

கடிதத்தின் முடிவில் அவள் கேட்டிருந்தாள். உங்களிடமிருந்து ஒரு செய்தியும் வராமலே அப்படிச் சொல்லிவிட்டேன், உயிர் பிரியும் சக்கராத்தில் கிடந்தவருக்குப் பொய் சொன்னேனோ என்று இரவெல்லாம் உறக்கம் இல்லை, நீங்கள் எப்போது இறங்கினீர்கள் என்று உள்ளதை எழுது.

அரபு எழுத்தில் நானும் பதில் எழுதினேன். வியாழன் மாலையே இறங்கிவிட்டோம் ராத்தா, நீ சொன்ன நேரத்தில் பிள்ளை வீட்டில் தாயின் மடியில் இருந்தாள், வெளியே நல்ல மழை என்று எழுதினேன்.

ராத்தாவுக்கு இந்தத் தமிழ் அச்செழுத்து வாசிக்கத் தெரியாது. ஊரில் இதைப் படிக்கிற யாராவது எங்களை இன்னாரென்று கண்டுகொண்டால், தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.